போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆச்சி

கேள்வி: மகளும் மருமகனும் சிங்கப்பூரில் இருப்பதால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் எங்களிடம் வளர்கிறான். அவனுக்குத் திக்குவாய். அவன் வகுப்பில் பாடம் வாசித்ததை ஒரு பையன் படமெடுத்து, சொல் வராமல் வாய் கோணிய அந்த ஒரு கணத்தை ஸ்டிக்கராக்கிவிட்டான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் போடுகிறார்களாம். நேரிலும் அவனைப் போலவே திக்கிப் பேசிக் காட்டுகிறார்களாம். செய்தவன் எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளை. பேரன் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குள் இரண்டாங்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். போனை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டேன். சரிதானா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, பேரன் மேலுள்ள பரிவில்தான் பூட்டினீர்கள், ஆனாலும் அந்தப் போனை இன்றே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். சொன்னால் போன் பறிபோகும் என்று அஞ்சியே பல பிள்ளைகள் இத்தகைய துன்பத்தைப் பெரியவர்களிடம் மறைக்கிறார்கள்; உங்கள் பேரனோ நம்பிச் சொல்லியிருக்கிறான். அவன் பார்க்காவிட்டாலும் ஸ்டிக்கர் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

யாரையும் அழிக்கச் சொல்வதற்கு முன், குழுவின் பெயரும் அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழுவின் அட்மின் நினைத்தால் யார் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்கலாம். ஆனால் தனித்தனியே சேமித்துக்கொண்டவர்களின் போனில் அது தங்கிவிடும் என்பதால், பள்ளியே அவர்களை அழைத்து நீக்கச் செய்ய வேண்டும். வகுப்பறையில் எடுத்த படம் என்பதால், பள்ளி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் பெறுங்கள். அசையவில்லையென்றால், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய இலவச எண்கள் இருக்கின்றன.

பங்காளி வீடாயிற்றே என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நாளைக்கு முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு ஒன்றாக உட்கார வேண்டியவர்கள்தாம். அதற்காகப் பேரன் தலைகுனிந்து வீட்டுக்குள் முடங்க வேண்டும் என்பது எந்த முறையிலும் சேராது. முகப்பில் நின்று சத்தம் போடாமல், அந்தப் பையனின் தாயைத் தனியே பார்த்துப் படத்தைக் காட்டுங்கள். மகன் செய்தது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பதுபோல் பேரன் ஒரு வார்த்தை சொன்னாலும், அதை வயதுக் கோளாறு என்று தள்ளாமல், உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். அன்று அவனைத் தனியே விடாதீர்கள்.

இன்றிரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். திக்கும்போது, அன்பினால்கூட, சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் அவனே முடிக்கட்டும்.