மனத்தைக் கலங்கடித்த புத்தகங்கள்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்களை உலுக்கிய ஒரு புத்தகத்தை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.

கவிதா: அம்மா, வணக்கம். ஷெர்லி ஜாக்சனின் 'லாட்டரி' சிறுகதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அதில் ரத்தம்கூட வருவதில்லை. பிறகு ஏன் இப்படி?

நல்ல கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1948 ஜூன் 26 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் அந்தக் கதை வந்தது. ஊர் மக்கள் ஒரு காலை வேளையில் கூடுகிறார்கள். மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொள்கிறார்கள். பையன்கள் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். சீட்டுக் குலுக்கப்படுகிறது. கரும்புள்ளி இட்ட சீட்டு டெஸ்ஸி என்ற பெண்ணுக்கு விழ, ஊரே சேர்ந்து அவளைக் கல்லால் அடிக்கிறது. அந்தக் கோடையில் மட்டும் ஜாக்சனுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. பலர் திட்டினார்கள், பலர் குழம்பினார்கள். இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கதை எதைப் பற்றியதோ, அதற்கான சான்று அந்தக் கடிதங்களிலேயே இருந்தது.

டெஸ்ஸியைக் கவனியுங்கள். அவள் தாமதமாக வருகிறாள். இன்று குலுக்கல் என்பதே மறந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே கூட்டத்தில் சேர்கிறாள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்த பிறகுதான் இது நியாயமில்லை என்று கத்துகிறாள். பக்கத்து வீட்டுக்கு விழுந்திருந்தால் அவளும் கல் எடுத்திருப்பாள். அவளுடைய சின்ன மகன் டேவியின் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைத் திணிக்கிறார்கள். கதையில் வில்லன் கிடையாது, காரணம் சொல்லப்படுவதும் கிடையாது. 'அந்த மாதிரி ஆட்கள்' என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள ஒரு வாசலைக்கூட ஜாக்சன் திறந்து வைக்கவில்லை. உங்களை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

செல்வம்: உலகத்திலேயே மிகக் கொடூரமான புத்தகம் எது?

அப்படி ஒன்று இல்லை.

ராகவன்: வதைமுகாம் நினைவுகளைப் படிக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைக்கிறேன். எதில் தொடங்கலாம்?

ப்ரீமோ லெவியின் 'இது ஒரு மனிதனா' என்ற நூலில். லெவி இத்தாலிய வேதியியலாளர். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாம் தொகுதியைச் சேர்ந்த மோனோவிட்ஸில் அடைக்கப்பட்டுப் பிழைத்தவர். எய்னாவ்டி பதிப்பகம் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1947இல் ஒரு சிறு பதிப்பகம் 2,500 பிரதிகள் அச்சிட்டது. 1958இல் அதே எய்னாவ்டி வெளியிட்ட பிறகுதான் உலகம் படித்தது.

லெவி குரல் உயர்த்துவதே இல்லை. சாட்சிக் கூண்டில் நிற்பவரின் நிதானத்தோடு எழுதுகிறார். ஓர் இடம் சொல்கிறேன். ஆய்வகத்தில் வேலை கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அவருக்கு வேதியியல் தேர்வு வைக்கிறார்கள். முடிந்து திரும்பும் வழியில், உடன் வந்த காப்போ (மற்றக் கைதிகளை வேலை வாங்க நியமிக்கப்பட்ட கைதி) அலெக்ஸின் கையில் மசகு ஒட்டிக்கொள்கிறது. அவன் அதை லெவியின் தோளில் துடைக்கிறான். அவனிடம் வெறுப்பு இல்லை, கேலியும் இல்லை. துடைக்க ஏதோ ஒன்று பக்கத்தில் இருந்தது, துடைத்தான். அடி, உதை, பட்டினி எல்லாவற்றையும் தாண்டி என் மனத்தில் தங்கிவிட்ட பக்கம் அது. அதன் பிறகு எலீ வீசலின் 'இரவு' படியுங்கள். சிறிய நூல்தான். அதில் தந்தையின் மரணம் வருகிறது. அண்மையில் பெற்றோரை இழந்தவர் என்றால் தள்ளிப்போடுங்கள்.

முத்துக்குமார்: தூங்கவே விடாத பத்துப் புத்தகங்களின் பட்டியல் கொடுங்களேன்.

செல்வத்துக்குச் சொன்ன பதில்தான்.

இளங்கோ: இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' உங்கள் வரிசையில் வருமா? எனக்கு அதுதான் உச்சம்.

வரும், ஒரு மனத்தாங்கலோடு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நாவலுக்கு அடிப்படை அதுதான். 1977ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் நாவலில் வரும் நிலக்கிழாரின் கொடூரத்துக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக்குறை வைக்கப்படுகிறது. படிப்பவர் 'ஓ, இது அவருக்கிருந்த நோய்' என்று மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஜாக்சன் அடைத்த வாசல் இங்கே திறந்திருக்கிறது.

இளங்கோ: ஒப்புக்கொள்ள மாட்டேன் அம்மா. நாவல் வழக்கு விசாரணை அல்ல. அதிகாரம் மனித உடம்புக்குள் எப்படிப் புரையோடும் என்று காட்ட எழுத்தாளருக்கு உரிமை உண்டு.

உரிமையை நான் மறுக்கவில்லை. விளைவைப் பற்றிப் பேசுகிறேன். அந்த ஊரில் தீ வைத்தது ஒருவர் அல்ல, ஒரு கூட்டம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே குறை இருந்ததா? கூலியும் சாதியும் சேர்ந்து சாதாரண மனிதர்களைத் தீப்பந்தம் எடுக்கவைத்தன. என்னை நடுங்கவைப்பது அந்தச் 'சாதாரண' மனிதர்கள்தான். நாவல் தன் வெளிச்சத்தை ஒருவரின் படுக்கையறைக்குள் திருப்பும்போது, அவர்கள் இருட்டில் தப்பித்துப் போகிறார்கள்.

தமிழ்ச்செல்வி: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எனக்கு வெண்மணி என்ற பெயரே அந்த நாவல் வழியாகத்தான் தெரியும். அது இல்லாவிட்டால் நான் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

இது கனமான வாதம், ஏற்கிறேன். இளங்கோ சொன்னதைவிட இது என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. ஒரு நாவல் நம்மை நிகழ்வின் வாசல்வரை கொண்டுபோய் விட்டிருந்தால், அது ஒரு பெரிய வேலையைச் செய்திருக்கிறது. ஆனாலும் அங்கேயே நின்றுவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வெண்மணி என்றால் ஒரு பண்ணையாரின் மனக்கோளாறு மட்டும்தான். இதே விஷயமாக இன்னும் பல கேள்விகள் குவிந்திருக்கின்றன. என் நிலை மேலே இருக்கிறது; இதற்குமேல் இதில் பதில் எழுதப்போவதில்லை.

ஸ்ரீதர்: நல்ல பேய்க்கதைகள்?

என் துறை அல்ல. திகில் இலக்கியம் படிப்பவர்களைக் கேளுங்கள்.

நூர்ஜஹான்: ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' இன்று படிக்க அதிர்ச்சியாக இல்லையே. அப்போது ஏன் அவ்வளவு சண்டை?

1966இல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழையில் ஒருவனின் காரில் ஏறும் கல்லூரிப் பெண் சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை அவ்வளவுதான். வாசகர்கள் கொதித்தார்கள். கவனியுங்கள், காரில் நடந்த அநியாயம் அவர்களைக் குலைக்கவில்லை. அம்மா மகளைத் தள்ளிவிடாததுதான் குலைத்தது. பெண்ணின்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வசதியை அந்த ஒரு குடம் தண்ணீர் பறித்துவிட்டது. பிறகு அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் குடும்பம் அந்தப் பெண்ணை வெளியே தள்ளுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். உங்களுக்கு அதிர்ச்சி வராதது நல்ல செய்தி.

பெயர் வேண்டாம்: ஒரு நாவலைப் பாதி படித்ததிலிருந்து பல வாரங்களாகத் தூக்கம் இல்லை. எதிலும் பிடிப்பில்லை. முடித்துவிட்டால் சரியாகுமா?

முடிக்க வேண்டாம். தொடங்கிய புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்று எந்தக் கடமையும் இல்லை. பல வாரங்கள் தூக்கமில்லை என்றால் அது புத்தகத்தோடு நிற்கும் விஷயம் அல்ல. இன்றே உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு நான் சரியான ஆள் அல்ல. ஆனால் நீங்கள் கேட்டது நல்லது.

கார்த்திக்: மிகக் கொடூரமான, தாங்கவே முடியாத புத்தகம் ஒன்று சொல்லுங்கள், நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க வேண்டும்.

கொடுக்காதீர்கள். முதல் பத்தியை மறுபடி படியுங்கள்.

ராகவன்: மீண்டும் நான்தான். லெவியை முடித்த பிறகு மனத்தை ஆற்றிக்கொள்ள எதைப் படிக்கலாம்?

லெவியையே படியுங்கள். விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்பிய சுற்றுப் பயணத்தை எழுதியிருக்கிறார். 1963இல் வந்த நூல், 'போர்நிறுத்தம்' என்று பொருள்படும் தலைப்பு. ரயில்கள், சந்தைகள், தந்திரக்காரர்கள், பசியோடு கூடிய சிரிப்பு என்று மனிதர்கள் மறுபடி மனிதர்களாவதைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பக்கத்தில் ஒரு கனவு வருகிறது, அது முகாமுக்கே திரும்பிப் போகிறது. அந்தப் பக்கத்தைப் பகலில் படியுங்கள்.