யானிஸும் ஞானியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் மகன் லாட்வியா நாட்டில் ரீகா நகரத்தில் மருத்துவம் படிக்கிறான். அவனோடு அறையில் இருப்பவன் உள்ளூர்ப் பையன், பெயர் யானிஸ். போன ஜூன் மாதம் வீடியோ காலில் பேசியபோது அந்தப் பையன் தலையில் ஓக் இலை வளையத்தோடு வந்து நின்று கையாட்டினான். அன்றைக்கு அவனுக்குப் பெயர்நாளாம், அதாவது நாட்காட்டியில் அவன் பெயருக்கு உரிய நாளாம். பின்னாலிருந்து அவன் அம்மா "யானி, யானி" என்று கூப்பிட்டார். நகரம் முழுக்க "யாஞி" என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றான் என் மகன். யானிஸா, யானியா, யாஞியா என்று கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் அப்பா" என்கிறான்.

இதை எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டதுதான் தப்பாகிவிட்டது. ஒருவர், "யானிஸ் என்பது ஞானிதான். லாட்விய மொழியே சமஸ்கிருதத்தின் மகள். தேவனை அங்கே தியவ்ஸ் என்பார்கள்" என்று எழுதினார். இன்னொருவர் ஞானி என்பதே தமிழ்ச்சொல் என்று கிளம்பினார். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் குழுவைவிட்டு வெளியேறும்வரை ஓயவில்லை. உண்மையில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

அன்புடன்,
ந., கும்பகோணம்

அன்புள்ள ந.,

வெளியேறியவரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை.

யானிஸ் ஞானி அல்ல. நம் ஊரில் யோவான் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர். எபிரேயத்தில் யோஹானான். 'யாவே, அதாவது இறைவன், அருள் செய்தார்' என்று பொருள். அது கிரேக்கத்தில் யோஅன்னெஸ், லத்தீனில் யோஹன்னெஸ் ஆகி, வடஜெர்மானியர் வாயில் யோஹன் என்றும் யான் என்றும் தேய்ந்தது. 1201இல் ரீகா நகரத்தை நிறுவியவர்கள் ஜெர்மானியப் பாதிரிமாரும் வணிகரும். நகரத்தின் பேச்சு பல நூற்றாண்டுகள் வடஜெர்மன்தான். அந்த 'யான்'தான் லாட்விய வாலை ஒட்டிக்கொண்டு யானிஸ் ஆகியிருக்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தியவ்ஸும் தேவனும் ஒரே வேர்தான். நெருப்புக்கு லாட்வியத்தில் உகுன்ஸ், அது அக்னியின் உறவு. ஆனால் இவை தாயும் மகளும் அல்ல, ஒரு பாட்டியின் பேத்திகள். வேடிக்கை என்னவென்றால், ஞானம் என்ற சொல்லுக்கு லாட்வியத்தில் உண்மையாகவே ஒரு ரத்த உறவு உண்டு. 'அறிதல்' என்று பொருள்படும் ஸினாத். அறிவியலை ஸினாத்னெ என்கிறார்கள். அதை விட்டுவிட்டு, காதுக்கு ஒத்துப்போகிறதே என்று யானிஸைப் பிடித்துக்கொண்டார் உங்கள் நண்பர். வாட்ஸாப் சொல்லாராய்ச்சியில் எப்போதும் இப்படித்தான். ஒலி ஒத்தால் போதும், உறவு சொல்லிவிடுவார்கள்.

இனி யானிஸ், யானி, யாஞி. உங்கள் மகன் சொன்னது சரி, மூன்றும் ஒன்றே. யானிஸ் வந்தான் என்றால் யானிஸ். யானிஸுடைய வீடு என்றால் 'யாஞ'. யானிஸுக்கு என்றால் 'யானிம்'. கூப்பிட்டால் 'யானி'. தமிழாசிரியருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. (நீங்கள் எந்தப் பாடம் நடத்தினீர்கள் என்று எழுதவில்லை. கணக்காசிரியர் என்றால் மன்னிக்கவும்.) கண்ணன் வந்தான் என்கிறோம், கூப்பிடும்போது கண்ணா என்கிறோம். அந்த 'ன்' ஆண்பால் விகுதி, விளியில் விழுந்துவிடுகிறது. லாட்வியத்தில் 'ஸ்' அப்படி. அந்த அம்மா "யானிஸ்" என்று கூப்பிட்டிருந்தால், நாம் தெருவில் நின்று "கண்ணன், இங்கே வா" என்பதுபோல இருந்திருக்கும்.

வேற்றுமை ஏறும்போது 'ன' என்பது 'ஞ' ஆக மாறுவது இன்னொரு அழகு. லாட்வியர்கள் 'ந'வுக்குக் கீழே ஒரு சின்ன வால் போட்டு எழுதும் அந்த ஒலி அப்படியே நம் ஞகரம். ஆங்கிலத்தில் எழுதினால் அது தொலைந்துபோகும், தமிழில் எழுதினால் தொலையாது. யாஞி என்று உங்கள் மகன் சொன்னதை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

லாட்வியத்தில் ஓர் ஆணின் பெயர் 'ஸ்' ஒலியிலோ அதன் உறவிலோ முடிய வேண்டும். ஓட்டோ, ஈவோ என்று சில விதிவிலக்குகள் உண்டு. வெளியாளுக்கும் இதே விதிதான். ஷேக்ஸ்பியர் அங்கே விலியம்ஸ் ஷெக்ஸ்பீர்ஸ். நாம் வடமொழி 'ராம'வோடு ஒரு 'ன்' சேர்த்து ராமனாக்கி உள்ளே அழைத்துக்கொண்டதுபோல. உங்கள் மகனின் பெயரை எழுதவில்லை. கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பற்றி யானிஸ் தன் அம்மாவிடம் பேசும்போது கார்த்திக்ஸ் என்பான். நேரில் கூப்பிடும்போது வால் விழுந்து கார்த்திக் ஆகிவிடும். முகத்துக்கு நேரே ஒரு பெயர், முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, இலக்கணம்தான்.

ஆனால் இந்த இலக்கணம் கடவுச்சீட்டுவரை போனபோது வழக்காகிவிட்டது. மென்ட்சென் என்ற ஜெர்மானியரை மணந்த லாட்வியப் பெண் ஒருவருக்கு அரசு 'மென்செனா' என்று எழுதிக் கொடுத்தது. கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் இன்னொன்று என்றால் எல்லையில் யார் நம்புவார்கள் என்று அவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். மூலவடிவத்தையும் கடவுச்சீட்டில் தனியே குறித்துத்தானே இருக்கிறார்கள், சின்ன மொழி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்ற அரசின் பக்கத்தை ஏற்று 2004இல் அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். 2010இல் ரைஹ்மன் என்பவரின் முறையீட்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு நேர்மாறாகச் சொன்னது. பிறந்தது முதல் இருந்த பெயரில் 'ஸ்' சேர்த்து ரைஹ்மன்ஸ் ஆக்கியது அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவது என்றது. எனக்கு ஐ.நா. குழு சொன்னதுதான் சரியென்று படுகிறது. செய்தித்தாளில் என் பெயருக்கு எந்த வாலையும் ஒட்டட்டும். என் அடையாள அட்டையில் ஒட்ட என்னைக் கேட்க வேண்டும்.

அடுத்து அந்த ஓக் இலை வளையம்.

திருச்சபையின் நாட்காட்டியில் ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர், அதாவது ஸ்நாபக யோவான், பிறந்த நாள். லூக்கா எழுதியபடி இயேசு பிறப்பார் என்று மரியாளுக்குச் செய்தி வந்தபோது, யோவானின் தாய் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். ஆகவே கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முன்னால் போய் அந்த நாளை வைத்தார்கள். வடக்கே அந்த நேரம் ஆண்டின் மிக நீண்ட பகல். ரீகாவில் இரவு பத்தரை மணிவாக்கில் அடையும் சூரியன் நாலரைக்குள் எழுந்துவிடும். சூரியன் உச்சம் தொடும் நாட்களைப் பாதிரியார் வருமுன்பே அந்த மக்கள் நெருப்பு மூட்டிக் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பாதிரியார் ஒரு பெயரைக் கொண்டுவந்தார், மக்கள் பெயரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துத் துறவியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாட்விய நாட்டுப்பாடல்களில் வரும் யானிஸுக்கு ஒட்டக மயிர் ஆடையும் இல்லை, வெட்டுக்கிளி உணவும் இல்லை. அவன் ஆண்டுக்கொரு முறை தன் பிள்ளைகளைப் பார்க்க வருகிறான். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு 'யானிஸ் அப்பா' என்று பெயர், வீட்டுக்காரிக்கு 'யானிஸ் அம்மா'. வருகிறவர்கள் எல்லோரும் 'யானிஸின் பிள்ளைகள்'. ஆண்களுக்கு ஓக் இலை வளையம், பெண்களுக்குப் பூ வளையம். சீமைச்சோம்பு போட்டுச் சூரியன்போல வட்டமாகப் பிடித்த பாலாடைக்கட்டி, பீர், விடியும்வரை பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் "லீகோ, லீகோ" என்று பின்பாட்டு. அன்றிரவு தூங்கினவன் கோடை முழுக்கத் தூங்கிவழிவான் என்பது நம்பிக்கை. யாஞி என்றால் இலக்கணப்படி 'யானிஸ்கள்', யானிஸ் என்பதன் பன்மை. ஒரு ஆள் பெயரின் பன்மை ஒரு திருவிழாவின் பெயர்.

சோவியத் காலத்தில் இந்த விழாவை அரசு ரசிக்கவில்லை, 1960களில் நாட்காட்டியிலேயே இடமில்லாமல் இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் நெருப்பு மூட்டுவதை யார் தடுக்க முடியும்? இப்போது ஜூன் 23, 24 இரண்டும் அரசு விடுமுறை.

லாட்விய நாட்டுப்பாடல்களுக்கு தைனா என்று பெயர், பெரும்பாலும் நான்கு அடி. அவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த அலமாரியில் வகைப்படுத்தி, 1894 முதல் 1915 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டவர் கிரிஷ்யானிஸ் பாரொன்ஸ். மொத்தம் 2,17,996 பாடல்கள். அலமாரி இன்றும் ரீகாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. உங்கள் மகனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இவர் பெயரின் பின்பாதியில் யானிஸ் கேட்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். கிரிஷ்யானிஸ் என்பது கிறிஸ்டியன் என்ற பெயரின் லாட்விய வடிவம்.

யானிஸின் மாறுவடிவங்களை வரிசையாகப் பார்த்தால் யார் யார் அந்த நாட்டில் வந்து உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஜெர்மானிய ஹான்ஸ் அங்கே அன்ஸிஸ். யோஹன் நேராகவே யோஹன்ஸ். ரஷ்ய இவான், இவான்ஸ். பிரெஞ்சு ழான்கூட வந்திருக்கிறார், ழானிஸாக. கிழக்கே லாட்கேல் பகுதிக் கத்தோலிக்கர் பேச்சில் யுவொஞ்ஸ். செல்லமாக யானீதிஸ், யன்ஸிஸ். நூறாண்டுக்கு முந்தைய லாட்வியப் புத்தகத்தையோ கல்லறையையோ பார்த்தால் ஜெர்மன் முறைப்படி நெட்டெழுத்துக்கு ஒரு 'ஹ்' செருகி 'யாஹ்னிஸ்' என்று இருக்கும். ஒலி மாறவில்லை, எழுத்து மட்டும்தான்.

இவர்களில் ழானிஸ் லிப்கெ என்பவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரீகா துறைமுகத்துத் தொழிலாளி. நாஜிகள் நகரத்தைப் பிடித்திருந்தபோது யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற குடியிருப்பிலிருந்து அவர்களை வேலைக்கென்று வெளியே அழைத்து வந்து, கீப்ஸலா தீவில் தன் வீட்டு விறகுக்கொட்டகைக்கு அடியில் பள்ளம் தோண்டி ஒளித்து வைத்தார். நாற்பது பேருக்கு மேல் அவராலும் அவர் கூட்டாளிகளாலும் உயிர் பிழைத்தார்கள். 1966இல் இஸ்ரேல் அவரையும் அவர் மனைவியையும் கௌரவித்தபோது பட்டியலில் அவர் பெயர் யானிஸ் என்றே இருந்தது. மனைவி பெயர் யோஹன்னா. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர், காப்பாற்றப்பட்டவர்களின் மொழியில் பிறந்த பெயர்.

மற்ற யானிஸ்களை எண்ணி மாளாது. சுதந்திர லாட்வியாவின் முதல் ஜனாதிபதி யானிஸ் சக்ஸ்தெ. அந்தச் சுதந்திரம் பறிபோனபின் 1940 முதல் 1959 வரை கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளராக இருந்தவரும் ஒரு யானிஸ்தான், கல்ன்பெர்ஸிஞ்ஷ். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கியவர் யானிஸ் லூஸிஸ்.

இங்கே நம் ஊருக்கு வருகிறேன். என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் பெயர் அருளப்பன். வருகைப் பதிவேட்டில் அருளப்பன், வீட்டில் அருளு. ஒருநாள் அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழின் நகலைக் காட்டினான். அதில் லத்தீனில் யோஹன்னெஸ் என்று இருந்தது. "இது யார்றா?" என்றேன். "நான்தான்" என்றான். அன்றைக்குப் புரியவில்லை. யோஹானானின் பொருள் 'இறைவன் அருளினார்' என்பதை அறிந்த பழைய தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியைக் கழற்றிவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். யோவான் அருளப்பர் ஆனார். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட போர்த்துக்கீசியர் ஜொவாவ் தெ பிரிட்டோவுக்கும் நம்மிடம் பெயர் அருளானந்தர். அவருடைய ஜொவாவும் இதே யோஹானான்தான்.

1986இல் போப்பாண்டவர் சென்னைக்கு வந்தபோது எங்கள் ஊர்க் கோயில் சுவரில் 'இரண்டாம் அருள் சின்னப்பர் வாழ்க' என்று நீலத்தில் எழுதியிருந்தது. அதே மனிதர் 1993 செப்டம்பரில் ரீகாவுக்குப் போனபோது அங்கே அவர் 'யானிஸ் பாவில்ஸ்'. லாட்வியர்கள் ஒலிக்கு வால் ஒட்டினார்கள், நாம் பொருளைப் பெயர்த்துப் புதுப்பெயர் வைத்தோம். எனக்கு நம் வழிதான் பிடிக்கும். ஆனால் அது நம்மிடமே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அருளப்பர் நற்செய்தி யோவான் நற்செய்தி ஆகிவிட்டது. என் நண்பன் தன் மகனுக்கு ஜான்சன் என்று பெயர் வைத்திருக்கிறான்.

கடைசியாக ஒன்று. லாட்விய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் உண்டு, அந்தப் பெயர்க்காரருக்கு அன்று பெயர்நாள். நாட்காட்டியில் இல்லாத பெயர்க்காரர்கள் மனம் நோகக் கூடாது என்று மே 22ஐ அவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் மகன் பெயர் எதுவாயிருந்தாலும் அவன் நாள் அதுதான். போன மே 22 அன்று யானிஸ் அவனுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான் என்று கேட்டு எழுதுங்கள்.