மைக் வேண்டாம், டீக்கடை போதும்

அம்மா, வணக்கம்.

என் மாமனாருக்கு 74 வயது. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. இரண்டு முறை வீட்டுக்கு வழி தெரியாமல் எங்கோ போய்விட்டார். தெருவில் 'புத்தி பேதலிச்சிடுச்சு' என்கிறார்கள். வெளியே தெரியவே கூடாது என்கிறார் என் கணவர். செப்டம்பர் 21, மறதி நோய்க்கான உலக அல்சைமர் நாளன்று எங்கள் நகர் நலச் சங்கத்தில் கூட்டம் போட ஆசை. என்ன பேசலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போடுங்கள். ஆனால் மேடை, மைக் எல்லாம் வேண்டாம். மாமனார் தினமும் பார்க்கிற ஆட்கள் பத்துப் பேர் இருப்பார்கள். டீக்கடைக்காரர், மளிகைக்கடை அண்ணாச்சி, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், கோயில் வாசல் பூக்காரம்மா. அவர்களை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசுங்கள். இந்த நோய் உள்ளவர்களிடம் எப்படிப் பழகுவது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர, ஜப்பானில் 2005இல் இப்படித்தான் 90 நிமிட வகுப்பாகத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டுதான் அந்த நாட்டு அரசு நோயின் பெயரையே மாற்றியிருந்தது. பழைய பெயரில் 'மூடத்தனம்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் தெருப் பேச்சும் மாறும்.

அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, "என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள் என்பதை. பாசத்தில் கேட்பதுதான், அவருக்கோ அது பரீட்சை. முன்பக்கமாக வந்து, "ஐயா, நான் டீக்கடைத் தம்பி" என்று தாங்களே சொல்லட்டும். ஒரு விஷயம் சொன்னால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்கட்டும். பதில் தாமதமாகத்தான் வரும். "அம்மா காத்திருப்பாங்க" என்று அவர் கிளம்பினால், "அவங்க செத்து முப்பது வருஷமாச்சே" என்று திருத்தக் கூடாது. அந்தச் சாவு அவருக்கு அன்றுதான் நடந்ததாகிவிடும். "வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று உட்காரவைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்யட்டும். கடையில் காசு தராமல் எதையாவது எடுத்தால் நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை நீங்கள் கணக்கை முடியுங்கள்.

சட்டைப்பையில் வைக்கும் அட்டையை அவர் எடுத்துப் போட்டுவிடுவார். சட்டைக் காலரின் உள்பக்கம் அழியாத மையில் போன் நம்பரை எழுதுங்கள். தினமும் காலையில் அன்றைய உடையோடு ஒரு படம் எடுங்கள். காணவில்லை என்றால் உடனே அவசர எண் 112க்குப் போன் செய்யுங்கள். ஒரு நாள் கழித்துத்தான் புகார் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பழைய வீடு, வேலை பார்த்த இடம், பஸ் ஸ்டாண்ட், வாய்க்கால், கிணறு, புதர் எல்லாம் தேட வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்; அதனால் கண்ணால் தேடச் சொல்லுங்கள். கணவரிடம் இதைப் பேசுங்கள். விஷயம் தெரியாத தெரு எதைத் தேடும்?

டாக்டர் யாராவது வந்தால் பத்து நிமிடம் கொடுங்கள். மறதியை வயசு என்று விட்டுவிடக் கூடாது. பி12 குறைவு, தைராய்டு, கீழே விழுந்து சில வாரம் கழித்துத் தலைக்குள் தேங்கும் ரத்தம் இவற்றாலும் மறதி வரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகவோ ரத்தத்தில் உப்புக் குறைவாகவோ இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567ஐ எல்லோருக்கும் எழுதிக்கொடுங்கள். கடைசியாக, கூச்சப்படாமல் உங்களுக்காகவும் கேளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார யார் வருகிறீர்கள், எந்தக் கிழமை என்று கேட்டு, அங்கேயே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரமும் நீங்கள் தூங்குங்கள்.