இருப்பது ஒரே கண், அதிலும் புரை: ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. இடது கண் க்ளாக்கோமாவில் (கண் அழுத்த நோயில்) எப்போதோ போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் புரை முற்றி, முகத்துக்கு நேரே விரலைக் காட்டினால்கூட எண்ணத் தடுமாறுகிறார். சர்க்கரை உண்டு, இதயத்துக்கு ஆஸ்பிரின், ப்ராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை. டாக்டர் "ரிஸ்க் இருக்கு, ஆனா செஞ்சுதான் ஆகணும்" என்கிறார். அண்ணனோ "இருக்கிற வெளிச்சமாவது இருக்கட்டும்" என்கிறார். என்ன செய்வது? கூட இருந்து நாங்கள் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: செய்துவிடுங்கள். அண்ணன் பயப்படுவதில் தப்பே இல்லை, கைகொடுக்க இன்னொரு கண் இல்லையென்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் தள்ளிப்போட்டால் ரிஸ்க் கூடத்தான் செய்யும். நாளாக ஆக, கண்ணுக்குள் புரை விழுந்திருக்கும் லென்ஸ் பழுப்பேறி இறுகும். இறுகியதை உடைக்க அல்ட்ராசவுண்டு சக்தி அதிகம் தேவைப்படும். அது கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கும், போன செல்கள் திரும்ப வராது. ரொம்ப முற்றவிட்டால் புரையே கண் அழுத்தத்தை ஏற்றிவிடவும் கூடும். க்ளாக்கோமாவில் ஏற்கெனவே ஒரு கண்ணைக் கொடுத்தவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

சரி, டாக்டர் "ரிஸ்க்" என்றாரே, எது ரிஸ்க் என்று கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது ப்ராஸ்டேட் மாத்திரைதான். அட்டையை எடுத்துப் பாருங்கள். டாம்சுலோசின், சைலோடோசின், அல்ஃபுசோசின் என்று ஏதாவது இருந்தால் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடமே நேரில் காட்டுங்கள். இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு, முக்கியமாக டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கு, ஆபரேஷன் நடக்கும்போது கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிறத்திரை (ஐரிஸ்) நனைந்த துணி மாதிரி தொளதொளத்து, பாப்பா திடீரென்று சுருங்கிவிடலாம். 2005-ல்தான் இதை அமெரிக்க டாக்டர்கள் இருவர் அடையாளம் கண்டு எழுதினார்கள். மாத்திரையை முன்கூட்டி நிறுத்தினாலும் இந்தச் சிக்கல் போய்விடும் என்று நம்ப முடியாது, அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பே தெரிந்தால் பாப்பாவை விரித்துப் பிடிக்கும் கொக்கியோ வளையமோ, அதற்கான ஊசி மருந்தோ தயாராக இருக்கும்.

ஆஸ்பிரினும் அப்படித்தான். கண்புரை ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. கண் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து மயங்கி விழுகிற வேலை மட்டும் வேண்டாம். அன்று காலை எதைச் சாப்பிடலாம், எந்த மாத்திரையை விடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எவ்வளவு பார்வை திரும்பும்? புரை அடர்த்தியாக இருப்பதால் விழித்திரையை நேராகப் பார்க்க முடியாது, ஸ்கேன் எடுப்பார்கள். இருட்டறையில் நாலு பக்கமிருந்தும் டார்ச் அடித்து "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்பார்கள். அப்பா அதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள், ஏனென்றால் இந்தக் கண்ணின் நரம்பும் க்ளாக்கோமாவில் அடிபட்டிருந்தால் புரையை எடுத்தாலும் முழுப் பார்வை வராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு டாக்டரைத் திட்ட வேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒன்றுதான்: அதே கட்டடத்தில் விழித்திரை நிபுணர் இருக்கிறாரா? லென்ஸின் பின்பக்கப் பை கிழிந்து புரைத் துண்டு உள்ளே விழுந்துவிட்டால் அதை எடுக்க அவர்தான் வரவேண்டும். மற்றபடி "லேசர்ல பண்ண மாட்டீங்களா" என்று சண்டை பிடிக்காதீர்கள். நம் ஊரில் லேசர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அல்ட்ராசவுண்டு முறைதான். கல்லாக இறுகிய புரைக்கு, கையால் சின்னதாகக் கீறித் தையல் போடாமல் எடுக்கும் முறையை விரும்புகிற கைதேர்ந்த டாக்டர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் வேலை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அப்பாவை மல்லாந்து படுக்கவைத்து, முகத்தில் மெல்லிய துண்டைப் போட்டு, அசையாமல் கால் மணி, அரை மணி நேரம் பழக்குங்கள். மூச்சு முட்டுகிறது, இருமல் நிற்கவில்லை, காது சரியாகக் கேட்காது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் நடக்கும்போது இருமல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு இருமலாம், தலையை மட்டும் ஆட்டக்கூடாது. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ் இருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை, அந்தக் கை நிறையப் பேரின் நடுக்கத்தை நிறுத்தியிருக்கிறது.

எல்லோரும் மறந்துபோவது முதல் ராத்திரியை. இருக்கிற ஒரே கண்ணையும் கட்டிவிட்டால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. சொட்டு மருந்து மட்டும் போட்டு மரத்துப்போகச் செய்து, பஞ்சு வைத்துக் கட்டாமல் கண்ணாடி போல ஊடே பார்க்கக்கூடிய மூடியை மாட்ட முடியுமா என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசிதான் என்றால் பல மணி நேரம் பார்வை இருக்காது. ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர், ராத்திரியில் எப்படியும் எழுந்திருப்பார், விழுந்தால் எல்லாம் போச்சு. அண்ணன் கட்டிலை ஒட்டிப் படுக்கட்டும், சிறுநீர் பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தொடுவதற்கு முன் யாராக இருந்தாலும் குரல் கொடுத்துவிட்டுத் தொடட்டும்.

சொட்டு மருந்து பல வாரம் போகும். அதை ஒரே ஆள் பொறுப்பில் விடுங்கள். நாலு பேர் பார்த்தால் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கை கழுவி, பால் போல இருக்கும் ஸ்டீராய்டு மருந்தை நன்றாகக் குலுக்கி, பாட்டில் முனை இமையில் படாமல், ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் விட்டுப் போடவேண்டும். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் ஒவ்வொரு செக்கப்பிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், க்ளாக்கோமா சொட்டு போட்டுக்கொண்டிருந்தால் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஆப்பிளோடு வந்து "எங்க சித்தப்பாவுக்கு இதே ஆபரேஷன்லதான் கண்ணு போச்சு" என்று ஆரம்பிக்கும் உறவினர்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

லேசான உறுத்தல், கண்ணில் நீர் வருவது சகஜம். ஆனால் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்தாலோ, வந்த பார்வை மறுபடி மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலவோ ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தாலோ, மெடிக்கல் ஷாப்பில் சொட்டு வாங்கிப் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கிருமித் தொற்று அபூர்வம், வந்தால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆஸ்பத்திரியின் ராத்திரி அவசர எண்ணைக் கேட்டு உங்கள் போனிலும் அண்ணன் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.