விசில் கேட்டதும் எழுந்துபோகும் அம்மா

கேள்வி: எனக்கு வயது 58. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என் உயிர்ப் படம். போன ஞாயிறு, கல்லூரியில் சினிமா படிக்கும் மகனோடு பார்த்தேன். "எல்லாம் வெள்ளைக்காரன் பெருமை, நம்ம ஆள் ஒருத்தன்கூட இல்லை" என்று கத்திவிட்டு டிவியை அணைத்தான். 86 வயது அம்மா வழக்கம்போல், கைதிகள் அடித்துக்கொண்டு வரும் அந்த விசில் வந்ததுமே அடுப்படிக்குப் போய்விட்டார். அவருடைய அப்பா சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர். பழைய படத்தில் இப்படியா குறை தேடுவது? மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், கிள்ளான், மலேசியா

பதில்: மகன் கிடக்கட்டும். 'வழக்கம்போல்' என்றீர்களே, அது எத்தனை வருஷ வழக்கம்? அம்மா எழுந்து போவதையும் தாத்தா சயாமுக்குப் போனதையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போதுகூட உறைக்கவில்லையா? 'போனவர்' என்றீர்கள், திரும்பினாரா என்று சொல்லவில்லை. அப்போது அம்மா நாலு வயதுப் பிள்ளையாக இருந்திருப்பார்.

1942-43இல் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் உழைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகளோ இரண்டு லட்சம் அளவில். செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் அதில் ஏராளம். நல்ல கூலி என்று நம்பி ரயில் ஏறியவர்கள் உண்டு, பலவந்தமாகப் பிடித்துப்போனவர்களும் உண்டு. காலரா வந்தபோது கைதிகளுக்காவது கூடவே பிடிபட்ட டாக்டர்கள் இருந்தார்கள். அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்றும் கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கல் வரிசையாக நிற்கிறது. தோட்டத்து ஆட்கள் பலரைப் பள்ளம் தோண்டி மொத்தமாகப் புதைத்தார்கள்.

1957இல் வந்த படத்தில் அந்தப் பாதைக்குப் பாலம் கட்டுவது கைதிகள் மட்டும்தான். ஆசியர் என்றால் ஜப்பானிய அதிகாரி, காவலாளிகள், அப்புறம் பாலத்தைத் தகர்க்க வரும் கமாண்டோக்களுக்கு வழிகாட்டும் ஒரு சயாம்காரர், சுமை தூக்கும் சயாம் பெண்கள். (அந்த ஆறுகூட சயாம் ஆறு இல்லை, சிலோன் கித்துல்கலவில் ஓடும் களனி.) ஏழு ஆஸ்கார் வாங்கிய படம், நானும் ரசித்தவள்தான். அதற்காக உங்கள் மகன் சொன்னது பொய்யாகிவிடாது.

ஆனால் அவனுக்கும் ஒரு குட்டு. இல்லாத ஆளைத் திரையில் தேடிக் கத்தத் தெரிந்தவனுக்கு, அந்த ஆளின் மகள் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து போனது கண்ணில் படவில்லையே! பெற்றவளை, பாட்டியைக் கேட்காமல் அப்பனும் பிள்ளையும் யாருக்காக இந்தச் சண்டை போடுகிறீர்கள்?

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் அடுப்படியில் போய் உட்காருங்கள். தாத்தா பெயர் என்ன, எந்தத் தோட்டம், அவர் போன அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். மகன் எழுதிக்கொள்ளட்டும். அம்மா வாய் திறக்காவிட்டால் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்கடுத்த ஞாயிறும் போங்கள்.