ஒரு பாட்டை விட மனமில்லாதவர்

அன்புள்ள சார்,

அப்பா வைத்திருந்த கேசட் ஒன்றில் மார்வின் கே பாடிய ‘ஐ ஹர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ கேட்டு வளர்ந்தவன் நான். அதுதான் அசல் என்று நினைத்திருந்தேன். போன வாரம் யூடியூபில் அதே பாட்டை கிளாடிஸ் நைட் பாடியது வந்தது. 1967 என்று போட்டிருந்தது. கேயின் இசைத்தட்டு 1968. அப்படியானால் இத்தனை வருடமாக நான் ரசித்தது நகலா? தேடிப் பார்த்தால் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு அதையே 11 நிமிடம் பாடியிருக்கிறது. ‘ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடுவதில்லையா, அது மாதிரிதான்’ என்கிறான் என் நண்பன். இவற்றை எப்படித்தான் ஒப்பிடுவது? இப்படி ஆளாளுக்கு எடுத்துப் பாட யாரிடம் அனுமதி வாங்குகிறார்கள்?

கே.எஸ்., மதுரை

அன்புள்ள கே.எஸ்.,

வெளிவந்த தேதியைப் பார்த்தால் கிளாடிஸ் நைட் முந்தியவர். ஒலிப்பதிவான தேதியைப் பார்த்தால் மார்வின் கே முந்தியவர். இருவருக்கும் முன்பே, 1966-இல், ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு இதைப் பாடிப் பதிவு செய்துவிட்டது. அந்தப் பதிவு 1968 வரை வெளியே வரவில்லை. எனவே நீங்கள் ரசித்தது நகல் இல்லை, கவலை வேண்டாம். ஆனால் அசல் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

காரணம், இந்த மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள். நார்மன் விட்ஃபீல்ட். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் இருந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் தயாரிப்பாளர். பாரெட் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து இந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான். (மோடவுனின் முதல் ஹிட்டான ‘மனி’யை 1959-இல் பாடியவர் இந்த ஸ்ட்ராங்.) காதலி தன்னை விட்டுப் பழைய காதலனிடம் போகப்போகிறாள் என்பதை ஒருவன் காற்றுவாக்கில் கேள்விப்படுகிறான். பாட்டின் விஷயம் இவ்வளவுதான். தன்னிடம் அவளே வந்து சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

கீர்த்தனை உதாரணம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். கீர்த்தனை பாடுபவருக்கு முன்பே இருக்கிறது. அவர் அதைக் குருவிடமிருந்து பாடாந்தரமாக வாங்கி, தன் மனோதர்மத்தை, அதாவது சொந்தக் கற்பனையைச் சேர்க்கிறார். மோடவுனில் பாடகருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. எந்தப் பாட்டு, என்ன சுருதி, என்ன வேகம் எல்லாம் தயாரிப்பாளர் கையில். வெஸ்ட் கிராண்ட் புல்வார்டில் இருந்த அந்தச் சின்ன ஸ்டுடியோவில் வாசித்தவர்களும் ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஒரே கூட்டம்தான். பாடகர்கள்தான் வருவார்கள், போவார்கள். அதனால் குரல்களை மட்டும் ஒப்பிட்டால் பாதிதான் பிடிபடும். விட்ஃபீல்ட் ஒவ்வொரு முறையும் எதை மாற்றினார் என்று கேளுங்கள்.

மிராக்கிள்ஸ் பதிவில் ராபின்சனின் குரல் தேன் மாதிரி. காதலி போகிறாளே என்ற வருத்தம் இருக்கிறது, ஆனால் அந்த ஆள் ராத்திரி நன்றாகத் தூங்கிவிடுவான் என்று தோன்றும். மோடவுன் தலைவர் பெரி கோர்டிக்கு அது எடுபடவில்லை.

அடுத்து 1967-இன் தொடக்க மாதங்களில் மார்வின் கே. விட்ஃபீல்ட் பாட்டின் வேகத்தைக் குறைத்தார். தொடக்கத்தில் மின்பியானோ ஒரு சிறிய வரியை இரண்டு தடவை, பதுங்கிப் பதுங்கி வாசிக்கும். பின்னாலேயே தாம்புரின் ஒரு சலசலப்பு. பிறகு கொம்பு வாத்தியமும், டெட்ராய்ட் சிம்பொனிக்காரர்கள் வாசித்த வயலின்களும். இதற்கு மேல் ஒரு வேலை செய்தார்: கேயின் குரல் இயல்பாக நிற்கும் இடத்துக்கு மேலே சுருதியை வைத்துவிட்டார். கே சண்டை போட்டிருக்கிறார், இவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பதிவில் நாம் கேட்கிற பதற்றத்தில் கொஞ்சம் நடிப்பு. மீதி, எட்டாத சுரத்தை எட்டிப் பிடிக்கிற தொண்டையின் சிரமம். ‘ஆண்பிள்ளை அழக்கூடாதுதான், எனக்குத் தெரியும்’ என்று தொடங்குகிற இடத்தைப் போட்டுப் பாருங்கள். குரல் மேலே போகும்போது ஓரம் கிழிகிற சத்தம் கேட்கும். தாழ்ந்த சுருதியில் பாடியிருந்தால் அது நல்ல பாட்டாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கேயோடு ஜோடியாகப் பாடிய டாமி டெரல் மேடையிலேயே சரிந்து விழுந்து, மூளைக்கட்டி என்று தெரியவந்தது. அந்தத் துக்கம்தான் இந்தக் குரலில் இருக்கிறது என்று உருகி எழுதுகிறவர்கள் உண்டு. அவர் மேடையில் விழுந்தது 1967 அக்டோபரில். பாட்டு அதற்குப் பல மாதங்கள் முன்பே பதிவாகிவிட்டது. தொண்டை கிழிந்ததற்குக் காரணம் சுருதிதான்.

கோர்டிக்கு இதுவும் பிடிக்கவில்லை. எந்தப் பாட்டு இசைத்தட்டாக வரவேண்டும் என்று முடிவு செய்ய மோடவுனில் கூட்டம் போடுவார்கள். அதில் இது தேறவில்லை. வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். அந்த வருடம் அரீதா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒன்று செய்து காட்டுகிறேன் என்று விட்ஃபீல்ட் அதே பாட்டை எடுத்துக்கொண்டு கிளாடிஸ் நைட்டிடம் போனார்.

நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பாட்டு என்று நம்புவது கஷ்டம். கேயிடம் பதுங்கி வந்தது இங்கே கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. தேவாலயத்துப் பியானோ, கைதட்டல், வேகமான டிரம்ஸ். பின்னணி பாடும் பிப்ஸ் ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமாமா, நாங்களும் கேள்விப்பட்டோம்’ என்கிற தோரணையில் பதில் கொடுப்பார்கள். சேதியைப் பரப்பிய கூட்டமே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆண் அழுகிற வரி ஒரு பெண்ணுக்கு ஒட்டாது என்பதால் அதை மாற்றிவிட்டார்கள்: ‘என் கண்ணீரை நன்றாகப் பார்’ என்கிறாள். கேயின் ஆள் தனக்குள் முணுமுணுக்கிறான். இவள் எதிரே நிறுத்திக் கேட்கிறாள். நியாயம் கேட்கிற பாட்டாக இதுதான் சரி என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

1967 செப்டம்பரில் வந்த இந்த இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். விட்ஃபீல்ட் நச்சரித்ததில் கேயின் பதிவை 1968-இல் ஒரு ஆல்பத்தில் சேர்த்தார்கள். வானொலிக்காரர்கள் அதிலிருந்து இந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் போட, வேறு வழியில்லாமல் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அது 1968 டிசம்பரில் முதலிடத்துக்குப் போய் 7 வாரம் இறங்கவில்லை. அதற்குப் பிறகாவது விட்ஃபீல்ட் சும்மா இருந்தாரா? டெம்ப்டேஷன்ஸ் குழுவை வைத்து ஒன்று, 1971-இல் அன்டிஸ்பியூட்டட் ட்ரூத் குழுவை வைத்து இன்னொன்று!

கிரீடன்ஸ் 1970-இல் பாடியது எனக்கு ஓரளவுக்குத்தான் பிடிக்கும். வயலின், கொம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸோடு நிறுத்திக்கொண்டது நல்ல யோசனை. ஜான் ஃபோகர்டியின் கரகரக் குரலும் ஒட்டுகிறது. ஆனால் பாட்டு நான்கு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் கிதார். வண்டி ஓட்டும்போது போட்டால் நேரம் போவது தெரியாது. கேட்க உட்கார்ந்தால் தெரியும். 1979-இல் லண்டனின் ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழு பாடியதை நீங்கள் குறிப்பிடவில்லை, அவசியம் கேளுங்கள். பேஸ் முன்னால் வந்து நிற்கும், குரல்கள் வம்புக்கு இழுக்கும். பாட்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்த ஆள் போனதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று படும். விட்ஃபீல்டுக்குத் தோன்றாத ஒரு கோணம்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோடவுனுக்குள் அந்தக் கேள்வியே எழவில்லை. பாட்டின் உரிமை கோர்டியின் சொந்தப் பதிப்பு நிறுவனமான ஜோபெட்டிடம் இருந்தது. ஒரே பாட்டை எத்தனை பேர் பாடினாலும் பணம் வீட்டை விட்டு வெளியே போகாது. விட்ஃபீல்டின் பிடிவாதத்தை அங்கே பொறுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வெளியார் பாடவும் அனுமதி தேவையில்லை. ஒரு பாட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், சட்டம் வைத்த கட்டணத்தைக் கட்டி யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம் என்பது 1909-இலிருந்து அமெரிக்கச் சட்டம். பணம் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும். முன்பு பாடியவருக்கு இதில் பங்கு கிடையாது. அந்தக் கட்டணம் 1977-இன் கடைசி வரை பிரதி ஒன்றுக்கு 2 சென்ட். கேயின் மூன்று நிமிடத்துக்கும் கிரீடன்ஸின் 11 நிமிடத்துக்கும் அன்றைய சட்டத்தில் ஒரே விலைதான்.