மாமனாருக்கு முற்றிய புற்றுநோய். ‘இனி வைத்தியம் வேண்டாம், வீட்டிலேயே போய்ச் சேருகிறேன்’ என்கிறார். நாங்கள் சம்மதித்தால் குற்றமாகுமா?

குற்றமாகாது. இந்தப் பயம்தான் முதலில் வரும் என்பதால் சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவு தெளிவாக இருக்கிற ஒருவர், தனக்கு இன்ன வைத்தியம் வேண்டாம் என்று சொல்லலாம். நினைவு தப்பிய பிறகும் அந்தச் சொல் நிற்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதற்கு 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழி செய்துவிட்டது. ஊசி போட்டு உயிரை முடிப்பது மட்டும், அவரே கெஞ்சிக் கேட்டாலும், இங்கே குற்றம். எங்கள் அப்பச்சியின் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கடைசி ஐந்து மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போனது.

எங்களுக்குக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். அப்பச்சிக்கு 74 வயது. கணையத்தில் கட்டி. கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அடுத்த வாரமே கீமோ என்று தேதி கொடுத்துவிட்டார்கள். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. நாற்பது வருடம் இரும்புக் கடையில் கணக்கெழுதிய மனிதர், சும்மா இருப்பாரா?

“டாக்டர், இதுல முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு?” என்று கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. “மருந்து ஏத்தினா சில மாசம் கூடக் கிடைக்கும்கிறீங்க. அதுல எத்தனை நாள் உங்க கட்டில்ல, எத்தனை நாள் எங்க வீட்டு முகப்புல?”

“நம்பிக்கையா இருங்க அய்யா” என்று சொல்லி டாக்டர் ஃபைலை மூடினார். காரில் வரும்போது திருப்பத்தூர் தாண்டியதும் அப்பச்சி சொன்னார்: “வேண்டாம் தம்பி. கட்டுப்படியாகாது.” அவர் பணத்தைச் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னது கீமோவைத்தான், எல்லாவற்றையும் அல்ல. கட்டி பித்தக்குழாயை அடைத்ததில் காமாலை வந்து உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிவார், காலையில் வேட்டியில் ரத்தத் திட்டு. அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட் வைத்தால் நோய் குறையாது, அரிப்பு அடங்கும் என்றார்கள். உடனே சரி என்றார். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பங்காளி வீட்டில் தை மாதம் கல்யாணம். இவர் அதற்குள் போனால் தீட்டு, முகூர்த்தம் தள்ளிப்போகும். “தை தாண்டிட்டுப் போறேன்” என்று ஏதோ பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பது போலச் சொன்னார். ஆகவே உங்கள் மாமனாரிடம் ‘வைத்தியம் வேண்டுமா வேண்டாமா’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கீமோ, ஸ்டென்ட், ரத்தம் ஏற்றுவது, மூக்கில் குழாய், வென்டிலேட்டர். பதில்கள் வேறு வேறாக வரும்.

அடுத்தது வலி. மார்கழியில் ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எதையாவது குடுத்து என்னை முடிச்சு விடேன்” என்றார். அந்த ராத்திரியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மறுநாள்தான் மார்ஃபின் தேடிப் போனேன். அது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தால் முன்பெல்லாம் குதிரைக்கொம்பு. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைத்துக் கொடுக்கலாம். பத்து மில்லிகிராம் மாத்திரை, நாலு மணிக்கு ஒரு தரம், வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அபினிலிருந்து எடுப்பது என்று கேட்டதும் ஆத்தா (எங்கள் அம்மா) பதறிவிட்டார்கள். அப்பச்சிதான் சிரித்தார். ரெங்கூனில் லைசென்ஸ் வாங்கிய அபின் கடையே இருந்ததாக எங்கள் அய்யா (தாத்தா) சொல்வாராம். “இந்த வயசுல எனக்குப் பழக்கமாகி என்ன ஆகப்போகுது?” மூன்றாம் நாள் வலி அடங்கியது, காலையில் பேப்பர் கேட்டார். ‘முடித்து விடு’ என்ற பேச்சு அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. (மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் வேறொரு நரகம்.)

வலிக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னால் யாரும் சாவைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. வலி பேசும் பேச்சு வேறு, மனிதர் பேசும் பேச்சு வேறு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். எங்களுக்கு வந்த நர்ஸ் அம்மா இல்லையென்றால் நாங்கள் தவித்துப் போயிருப்போம்.

நடுவில் அம்மான் ஒருவர் வந்து, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான் (வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிர் விட்டான்), அவன் நண்பர் பிசிராந்தையார் கூடப் போய் உட்கார்ந்தார், நம் மண்ணில் இதெல்லாம் பெருமை என்று ஒரு மணி நேரம் பேசினார். அப்பச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவன் பிள்ளைகளோட சண்டை போட்டுட்டுப் போனான். எனக்கு அந்தக் குறை இல்லையே” என்றார். இதையெல்லாம் விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தலோடு (படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாக வைப்பது) சேர்த்துப் பேசியவர்களும் உண்டு. அங்கே முடிவெடுப்பது வீட்டார், படுத்திருப்பவர் அல்ல. இரண்டையும் ஒரே வாயால் பேசுவது தப்பு.

சரி, எழுதி வைக்கும் விஷயம். எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் சிட்டை உண்டு. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிறோம், பெண்ணுக்குக் கொடுக்கும் கரண்டி வரை கணக்கு வைக்கிறோம். சாவுக்கு மட்டும் எழுத்தே கிடையாது. அப்பச்சி ஒரு முழுத்தாளில் தன் கையாலேயே எழுதினார். வென்டிலேட்டர் வேண்டாம், நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம், குழாய் வழி சாப்பாடு வேண்டாம், வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து நிறுத்தக் கூடாது. நினைவு தப்பினால் தனக்காகப் பேச என் பெயரும் அக்கா பெயரும். 2018இல் முதலில் சொன்னபடி மாஜிஸ்ட்ரேட் முன்னால் போக வேண்டியிருந்தது, அதனால் யாரும் கிட்டப் போகவில்லை. 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். தேவகோட்டையில் நாங்கள் பார்த்த நோட்டரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உயில்னா சொத்து விவரம் எங்கே?” என்றார். விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். கொடுத்தபோது அங்கிருந்தவர் இதை எந்த ஃபைலில் வைப்பது என்று எங்களையே கேட்டார்.

மருத்துவமனையில் இருக்கும்போது நினைவு தப்பினால் இன்னும் ஒரு படி உண்டு. மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழு, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கருவியை எடுப்பார்கள். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டிலேயே இருந்ததால் அதுவரை போகவில்லை.

தை கல்யாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு அவரை நாற்காலியோடு தூக்கிப்போய் உட்கார வைத்தோம். மாசியில் படுத்துவிட்டார். கட்டிலை அறைக்குள் போட வேண்டாம், வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) போடு என்றார். அங்கிருந்து பார்த்தால் முற்றமும், நிலைகளைத் தாண்டி வாசலும் தெரியும். யார் வந்தாலும் படியேறும்போதே பெயர் சொல்லிவிடுவார்.

அப்போதுதான் அக்கா சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பழகியது, அதற்கு ஒரே நாளில் கண்ணில் விழுந்தது. “இப்படியே போட்டு வச்சு வேடிக்கை பாக்குறீங்களா?” என்று கத்தியது. ராத்திரி அப்பச்சிக்கு மூச்சு வாங்கியதும் யாரையும் கேட்காமல் 108க்குப் போன் செய்துவிட்டது. வண்டி வந்து, ஸ்ட்ரெச்சர் முகப்பு வரை வந்தாயிற்று. நான் எதுவும் வாதாடவில்லை. பெட்டகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். சட்டத்துக்கு வேண்டியதெல்லாம் எழுதிய பிறகு, கீழே இரண்டு வரி அக்காவுக்காக எழுதியிருந்தார். “நீ தூரத்தில் இருப்பதால் உனக்குத்தான் மனசு கேட்காது. தம்பியைக் கோபிக்காதே.” அக்கா ஆத்தங்குடிக் கல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. ஆத்தாதான் வாசலுக்குப் போய், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசி நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ‘பட்டினி போட்டுக் கொல்லுறீங்களே’ என்று யாராவது சொல்வார்கள், தயாராக இருங்கள். உடம்பு தானே அடங்கி வரும்போது அதற்குப் பசி இருக்காது, வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும் என்று நர்ஸ் அம்மா சொன்னார். அயித்தை பால் ஊற்றியே ஆக வேண்டும் என்று நின்றார்கள். டம்ளரை வாங்கி, பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொன்னோம். அப்பச்சி நாக்கால் தடவிப் பார்த்தார். அயித்தைக்கு அது போதுமாக இருந்தது. மாத்திரையைப் பொடித்து, துளித் தண்ணீரில் கரைத்து, கன்னத்துக்குள் வைத்தோம். ஐந்தாம் நாள் விடிகாலை போய்விட்டார்.

கேதம் கேட்க வந்த கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு, மீந்த மார்ஃபினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீட்டில் வைத்திருக்கக் கூடாது, எண்ணித்தான் வாங்குவார்கள். மருந்தாளுநர் எண்ணினார், 14. அப்பச்சி முதல் நாளிலிருந்தே மணி, மாத்திரை, வலி கூடுதலா குறைவா என்று சிட்டை போட்டு வந்திருந்தார். அதை விரித்துப் பார்த்தேன், அதிலும் இருப்பு 14. கடைசி இரண்டு பக்கம் மட்டும் ஆத்தாவின் கையெழுத்து.